மடிப்பக்கா மாண்பு விருது பெற்ற விதம்

மடிப்பக்காவுக்கு ஊரார் கறைகளெல்லாம் அத்துப்படி. ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, நீராவி இஸ்திரி போட்டு அனுப்பும் சலவைக்கூடம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை பார்த்தாள். அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரலை வைத்தால் வெட்டிவிடும் என்பார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். விரிப்பைப் பிரித்த மாத்திரத்தில் இது காபி, இது பேனா மை, இது ரத்தம் என்று சொல்லிவிடுவாள். யாருடையது, எப்படி வந்தது என்பதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அடுத்தவர் மானம் நம் கையில் இருக்கிறது என்பது அவள் கட்சி.

தன் மானம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அவளுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் வந்தது. மாதத்தில் ஐந்து நாள் வந்துகொண்டிருந்தது பத்து நாளாகி, பதினெட்டு நாளாகி, பிறகு எது தொடக்கம் எது முடிவு என்றே தெரியாமல் போயிற்று. போதாக்குறைக்கு அரை மணிக்கொரு தரம் கழிவறைக்கு ஓட வேண்டும். ஓடிப்போய் உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கறுப்புப் பாவாடை இரண்டு, அதன்மேல் கருநீல மேலங்கி என்று உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். யாரும் பார்க்காதபோது உட்கார்ந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

கூடத்து மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"என்னம்மா, அடிக்கடி எந்திரிச்சுப் போறீங்க? வயிறு சரியில்லையா?"

"ஆமா சார். வயிறுதான்."

நான்கு மாதம் வயிறு சரியில்லாமலே இருந்தது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நடுவழியில் நின்றால் கயிற்றில் தொங்கிப்போய் ஆட்களை மீட்டு வருகிற தைரியசாலி. ஆனால் இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் மனைவியின் இடுப்புக்குக் கீழே உள்ள எதற்கும் அவர் பெயர் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்தப் பிரதேசம் இருவருக்கும் நடுவே வரைபடம் இல்லாமல் கிடந்தது.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன ஸ்கேன் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, காய்கறி நிறுப்பவள் மாதிரி சொன்னாள்: "கர்ப்பப்பை வாயில கட்டி இருக்குக்கா. எலுமிச்சம்பழ சைஸ். பயப்படாதீங்க, பாத்தா புத்துநோய் மாதிரி தெரியல, சாதாரண நார்க்கட்டிதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்னென்ன வழி இருக்குன்னு எடுத்துச் சொல்வாங்க."

பெரிய மருத்துவமனையின் வாசலில் ‘மாண்பே மருந்து’ என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. பெண் நோயாளிகள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக அங்கே கண்ணியத் துறை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள்; அதற்கு ஒரு அலுவலரும் ஆறு உதவியாளரும் ஒரு கையேடும் இருந்தன. வளாகத்தில் சொல்லக் கூடாத சொற்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கண்ணியம் கருதி ஒவ்வொரு சொல்லின்மேலும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ‘கழிவறை’ என்ற பலகையை எடுத்துவிட்டு ‘அந்தப் பக்கம்’ என்று வைத்திருந்தார்கள். அதன் அம்புக்குறி இரண்டு பக்கமும் காட்டியது.

பதிவு ஜன்னலில் மடிப்பக்காவின் முறை வந்தது. பின்னால் முப்பது பேர்.

"என்ன பிரச்சினை?" என்றார் எழுத்தர்.

"கட்டி."

"எங்க?"

அவள் கண்ணாடியில் இருந்த ஓட்டையில் உதட்டை வைத்துச் சொன்னாள். கண்ணாடிக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா."

"கர்ப்பப்பை வாயில."

எழுத்தரின் பேனா கீழே விழுந்தது. பக்கத்து இருக்கைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "ஐயோ, அம்மா! ஆம்பளைங்க எல்லாம் நிக்கறாங்க! இப்படியா சொல்றது?" என்றார். மடிப்பக்காவுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. முகம் சிவந்ததைப் பார்த்து எழுத்தர் இரக்கப்பட்டார். "சரி, விடுங்க. முதல் பாதியை நான் எழுதல. ரெண்டாவது பாதியில ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லி, ‘வாயில் கட்டி’ என்று எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் படத்தை வாங்கி ஒரு பழுப்பு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மேலே, கர்ப்பப்பை வாய்க்கும் கழுத்துக்கும் பொதுவான ஆங்கிலச் சொல்லாக, ‘செர்விக்கல்’ என்று மட்டும் எழுதினார். ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் அசிங்கமில்லை என்று கையேட்டில் இருந்தது. உறையைப் பிரிக்க மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும்.

சீட்டு அவளைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாற்காலி சாய்ந்தது. விளக்கு எரிந்தது.

"ஆ காட்டுங்க. கட்டி எங்க இருக்கு?"

"கொஞ்சம் கீழ, டாக்டர்."

"கீழ் ஈறா?"

"இன்னும் கீழ."

"தாடையா?"

"இன்னும்... கொஞ்சம்..."

பல் மருத்துவர் யோசித்தார். மடிப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு வரைக்கும் வந்தது. அங்கே மருத்துவரின் கண்ணாடிக் குச்சி இருந்தது. அவர் அன்று பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தார். அடுத்த வாரம் வரச் சொல்லி ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். "கட்டிக்குக் காரணம் இதாதான் இருக்கும்" என்று பல்லை விளக்கில் காட்டி, "மிச்சம் கழுத்துல இருந்தா அது என் பொறுப்பு இல்ல, கழுத்து டாக்டர்கிட்ட போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் புருஷன் காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பல்லு."

"பல்லா?"

"ம்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் எழுந்து நின்று, "சரி, வா, பஸ் வந்துடும்" என்றார்.

கழுத்து மருத்துவர் உறையின் மேலெழுத்தைப் பார்த்ததும் மலர்ந்தார். "செர்விக்கல்! தெளிவா எழுதியிருக்கே. எத்தனை வருஷமா குனிஞ்சு வேலை பாக்கறீங்க?" பதினாறு வருடம் என்றாள். பொய்யில்லையே. பஞ்சு வைத்த பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். பதினைந்து நாள் கழித்துப் போனபோது அதைவிட அகலமான பட்டையாக மாற்றினார்.

நீராவிக் கூடத்தில் கழுத்துப் பட்டையோடு நின்று இஸ்திரி போடுவது எவ்வளவு சுகம் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். கழுத்தைத் திருப்ப முடியாததால் ஸ்டூலைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். "முதல்ல வயிறு, அப்புறம் பல்லு, இப்ப கழுத்து. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே அம்மா, இந்த வியாதி!"

ஒரு வியாழக்கிழமை, இரட்டைக் கட்டில் விரிப்பை மறுமுனையில் ஒருத்தி பிடித்திருக்க, இந்த முனையில் மடிப்பக்கா மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். ரத்தம் சோதித்தபோது இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. மற்ற பாதி எங்கே போயிற்று என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடியே புருஷனிடம், "எனக்கு நோவு வாயிலயும் இல்ல, கழுத்துலயும் இல்லங்க" என்றாள். "தெரியும்" என்றார் அவர். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் இருவருமாகக் கண்ணிய அலுவலரைப் பார்க்கப் போனார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. மேசையில் பூச்சாடி. பெண்ணைப் பார்த்துப் பேசுவது கண்ணியமில்லை என்பதால் பூச்சாடியைப் பார்த்துப் பேசினார்.

"சார், தப்பான எடத்துக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் மடிப்பக்கா.

"புகாரா?" அலுவலர் புன்னகைத்தார். "நல்லாக் கேட்டுக்குங்கம்மா. இந்தத் துறை ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. இன்னைய தேதி வரைக்கும் பெண்கள்கிட்டேருந்து ஒரு புகார் கெடையாது. ஒண்ணே ஒண்ணு கெடையாது! ஏன் சொல்லுங்க? புகார் எழுதணும்னா உறுப்போட பேரை எழுதணும். பேரை எழுதினா அந்தத் தாளை நாங்க வாங்க முடியாது. பெண்களுக்குன்னு இவ்வளவு யோசிச்சுச் செஞ்ச எடம் வேற எங்க இருக்கு?"

"கட்டிக்கு என்ன வழி இருக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

"வழியெல்லாம் உங்க காதுல விழ வேண்டாம். வீட்டுக்காரர்கிட்ட சொல்வாங்க. நீங்க எதுக்குச் சங்கடப்படணும்?"

அப்படியாக மகளிர் பிரிவின் தலைமை மருத்துவர் அறைக்குள் மெக்கானிக் போனார். மடிப்பக்கா வெளியே திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்த்தி வைக்கப்பட்டாள். ஐந்து நிமிடத்தில் அவர் வெளியே வந்தார். நடுமாடியில் நின்ற லிஃப்டிலிருந்து ஆளை மீட்டு வந்தவர் முகம் அல்ல அது, மாட்டிக்கொண்டவர் முகம்.

"எடுத்துடணுமாம்."

"எதை?"

"கேக்கல."

"கேக்கலயா?"

"எப்படிக் கேக்கறது? அவரு மேசையைப் பாத்துக்கிட்டு ‘நாப்பத்தி மூணு வயசு, ரெண்டு பிள்ளை இருக்கு, இனிமே எதுக்கு?’ன்னாரு. எதை எதுக்குன்னு கேக்க எனக்கு வாய் வரல. சம்மதப் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டாரு." கசங்கிய நகலை நீட்டினார். ‘சிகிச்சை வழிகள்’ என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு கட்டம். அதன் பக்கத்தில் ‘சரி’ என்று அச்சடித்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை.

இருவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வெவ்வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. செவ்வாய்க்கு முந்தின நாள் கண்ணிய வார விழாவாம். ஐந்து முறை வந்தும், முதல் நாள் ஜன்னலில் நடந்த சிறு பிசகைத் தவிர, அந்தச் சொல்லை ஒரு தரம்கூட உச்சரிக்காத நோயாளி என்று ஆவணங்களை ஆராய்ந்து மடிப்பக்காவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வருடத்தின் மாண்பு விருது அவளுக்கு. வர முடியாது என்று சொல்லவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. போனாள்.

அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் வெள்ளைச் சாட்டின் உறை போட்ட நாற்காலிகள். துணியைத் தொட்டதுமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நுனியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தலைமை மருத்துவர். மேடைக் கோடியில் ஒரு டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். நிர்வாகக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதுவதும் தேநீருக்குச் சொல்லிவிடுவதும் அவர் பொறுப்பு.

கண்ணிய அலுவலர் நாற்பது நிமிடம் பேசினார். "சில ஊர்ல நோயாளிக்கு நாலு வழி, அஞ்சு வழின்னு சொல்லிக் குழப்பறாங்க. வழி ஜாஸ்தி ஆனா கேள்வி ஜாஸ்தி ஆகும். கேள்வி ஜாஸ்தி ஆனா வார்த்தை ஜாஸ்தி ஆகும். வார்த்தை ஜாஸ்தி ஆனா மாண்பு எங்க இருக்கும்? இந்தச் சகோதரியைப் பாருங்க! பல்லைப் பிடுங்கினோம், பேசல. கழுத்துல பட்டை போட்டோம், பேசல. நாளைக்கு எதை எடுக்கப் போறோம்னு இந்த நிமிஷம் வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல! இவங்கல்லவா நோயாளி!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. சான்றிதழ் வாங்க மடிப்பக்கா எழுந்தாள். முன்வரிசையில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கறை எத்தனை பெரியது, எந்த வடிவம் என்று பார்க்காமலே தெரிந்தது. மூன்று பிள்ளை பெற்ற வயதான ஒருத்தி முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளப்பதாக இருந்தால் அது சரியான நேரம். பிளக்கவில்லை.

அலுவலர் கண்ணைக் காட்டினார். மேடைப் பொறுப்பாளர் ஓடி வந்து மேடை மேசைமேலிருந்த பூச்சாடியைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்து மறைத்தார். அது போதாதென்று தேநீர்ப் பாத்திரத்திலிருந்து ஒரு குவளை வெந்நீரைப் பிடித்துக்கொண்டு சாட்டின்மேல் ஊற்றப் போனார்.

"ஐயோ, சுடுதண்ணி ஊத்தாதீங்க!" என்றாள் மடிப்பக்கா.

மைக் அவள் மோவாய்க்கு நேரே இருந்தது. அரங்கம் முழுக்க அது கேட்டது.

"சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியிலயே வெந்து பிடிச்சுக்கும். அப்புறம் சாகற வரைக்கும் போகாது. பச்சத் தண்ணியில நனைங்க." தொழில் விஷயத்தில் பாதியில் நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. "இது ரத்தம்தான். எனக்குக் கர்ப்பப்பை வாயில ஒரு கட்டி இருக்கு. அதுலேருந்துதான் வருது. அஞ்சு தடவை வந்தேன். அந்த உறையை யாரும் பிரிச்சுப் பாக்கல."

ஒரே ஒருவர் கை தட்டினார். காது கேட்காதவர் என்று பிறகு தெரிந்தது. கண்ணிய அலுவலர், பூச்சாடியைப் பார்த்தபடியே கையை நீட்டி, அவள் விரல்களுக்கு நடுவிலிருந்த சான்றிதழை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார். "விதிப்படி தகுதி இழப்பு" என்றார்.

மடிப்பக்கா மேடைப் படியில் இறங்கினாள். வீரம் எதுவும் அவளிடம் இல்லை. செத்துப்போனால் தேவலை என்றுதான் இருந்தது. அரங்கின் நடுவழியாக அவள் நடக்க, பின்னாலேயே ஒட்டினாற்போல யாரோ நடந்து வந்தார்கள். புருஷன். தன் வேலைச் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினார். பனியனோடு அவ்வளவு பேர் நடுவில் வந்தார்.

தாழ்வாரத்தில் குறிப்பெடுக்கும் டாக்டரம்மா மூச்சிரைக்க ஓடி வந்து இருவரையும் துணிகள் அடுக்கும் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கையில் பழுப்பு உறை இருந்தது. கொண்டை ஊசியால் அரக்கைப் பெயர்த்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"உக்காருங்க. நான் சொல்றது ரெண்டு பேருக்கும்தான்" என்றார். "கர்ப்பப்பை ஒரு பை. அதோட வாய்ப் பக்கத்துல சதையும் நாருமா ஒரு கட்டி. புத்து மாதிரி தெரியல. எடுத்தப்புறம் சோதனைக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். இந்த மாதிரிக் கட்டி சின்னதா இருந்து தொந்தரவு பண்ணலைன்னா ஒண்ணுமே செய்ய வேண்டாம், அப்பப்ப ஸ்கேன் பாத்தாப் போதும். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கு. கட்டி சுருங்க ஊசி இருக்கு, ஆனா நிறுத்தினா மறுபடி வளரலாம். கட்டிக்குப் போற ரத்தக்குழாயை அடைக்கற முறை இருக்கு, அது எல்லா எடத்துலயும் கிடையாது. கட்டியை மட்டும் எடுக்கலாம். கடைசியா, கர்ப்பப்பையையே எடுக்கறது. அது தப்பான வைத்தியம் இல்ல, சிலருக்கு அதான் சரி. ஆனா அது பல வழியில ஒரு வழி. எதுன்னு நீங்க கேட்டுட்டுச் சொல்லணும்."

"அவரு ஒண்ணுதான் இருக்குன்னாரே" என்றார் மெக்கானிக்.

"அவர் இந்தப் படத்தைப் பாக்கவே இல்ல."

மடிப்பக்கா நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமில்ல? அந்தக் குழுவுல நீங்களும்தானே இருக்கீங்க?"

டாக்டரம்மா படத்தை உறைக்குள் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார். "நான் அங்க எழுதறவ. நடுவுல பேசினா, ‘அப்ப யாரு எழுதறது?’ம்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்." உறையின் ஓரத்தை விரலால் நீவினார். "நீங்க முதல் ஆள் இல்லம்மா. நான் குறிப்பெழுதின நோட்டு அலமாரி பூரா இருக்கு. சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு."

பக்கத்து அறையில் படுக்க வைத்துப் பரிசோதித்தார். கட்டி ஒரு காம்பிலிருந்து தொங்கியது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, கீழ்வழியாகவே எடுத்துவிடலாம், சிறுநீர்ப்பை பக்கத்தில் இருப்பதால் பார்த்துச் செய்ய வேண்டும் என்றார். எடுத்தாலும் வேறொன்று வளர வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்றும் மறைக்காமல் சொன்னார். மடிப்பக்கா காலை மடக்கி உட்கார்ந்து யோசித்தாள். தன் உடம்பைப் பற்றித் தானே யோசிப்பது அவளுக்குப் புது அனுபவமாக இருந்தது. மற்றவர் பெட்டியைத் திறந்து பார்ப்பது போல் இருந்தது.

"கட்டியை மட்டும் எடுத்துடுங்க" என்றாள்.

"டாக்டர்," என்றார் புருஷன். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. "அந்தக் கர்ப்பப்பை... வாயி... ஆறறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

மடிப்பக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டுவிட்டார்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, அந்த வெள்ளிக்கிழமை கட்டியை எடுத்தார்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சோதனையில் சாதாரணக் கட்டி என்றே வந்தது. டாக்டரம்மாவை மறுவாரமே குறிப்பெடுக்கும் வேலையிலிருந்து நீக்கினார்கள். தண்டனை என்று ஆணையில் இருந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

மூன்று வாரம் கழித்து மடிப்பக்கா சலவைக்கூடத்துக்குப் போனாள். விடுப்புக் கடிதத்தை மேற்பார்வையாளர் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரி தாண்டவில்லை. சட்டென்று தாளைக் கவிழ்த்து வைத்து, அறையில் வேறு யாரும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இது நாலு பேரு பாக்கற ஃபைலு. எனக்குத் தப்பில்ல. எனக்கும் பொண்ணு இருக்கு. ஆனா மேலிடத்துல... ‘காய்ச்சல்’னு எழுதிக் குடுத்துடுங்களேன். யாருக்கும் சங்கடமில்ல."

சொல்லும்போது அவர் கழுத்து சிவந்தது. பிறகு கன்னம், பிறகு நெற்றி. கண் மேசைமேல் அலைந்து, குண்டூசி டப்பாவில் போய் ஒளிந்துகொண்டது. மடிப்பக்கா அதை வேடிக்கை பார்த்தாள். நாற்பத்து மூன்று வருடமாகத் தன் முகத்தில் ஏறியதும் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமா? பாவம் மனுஷன், என்று நினைத்தாள்.

"வேற தாள் இருக்கா சார்?"

அவர் நிம்மதியாக மூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். பேனாவையும் திறந்து கொடுத்தார். அவள் நின்றபடியே மேசையில் குனிந்து அதே கடிதத்தை அதே சொற்களில் மறுபடி எழுதினாள். கண்ணாடி இல்லாமலே அவர் படிக்கட்டும் என்று எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.